திருகு யார் கையில்?

அடுக்களைக்கு ஒரு வானொலிப் பெட்டி வாங்குவதெல்லாம் கட்டுரை எழுதத்தக்க பொருளா என்று வாசகர்கள் வியக்கலாம். புதுச்சேரி நேரு வீதியில் ஏதேனும் ஒரு மின்பொருள் கடைக்குள் நுழைந்தால் இன்று நம் முன் எடுத்து வைக்கப்படுபவை மூன்று வகை. இரண்டு திருகும் ஒரு முள்ளும் கொண்ட பழைய பாணி டிரான்சிஸ்டர் முதல் வகை. ஆயிரக்கணக்கான பாடல்களைத் தன்னுள்ளேயே அடக்கி வரும் பாட்டுப் பெட்டி இரண்டாம் வகை. கைப்பேசியோடு கம்பியின்றி இணைந்து, அது அனுப்புவதை மட்டும் ஒலிக்கும் ப்ளூடூத் பெட்டி மூன்றாம் வகை. எளியதாக ஒன்று வேண்டும் என்று கேட்டால் கடைக்காரர் மூன்றையுமே எளியது என்பார். அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. அடுக்களையில் எது எளியது என்பதை அறிய, அந்த அறைக்குள் ஓசை எப்படி வந்தது, யார் அதைக் கொண்டுவந்தார்கள், யார் அதன் திருகைப் பிடித்திருந்தார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு முதலியார்பேட்டையைவிடப் பொருத்தமான இடம் நமக்குக் கிடைக்கப்போவதில்லை.

ஆலைச் சங்கு

புதுச்சேரி நகரின் தெற்கே கடலூர் சாலையை ஒட்டி அமைந்த முதலியார்பேட்டை, ஆலைத் தொழிலாளர்களால் அறியப்பட்ட பகுதி. 1898இல் எழுந்த ரோடியர் ஆலை பின்னாளில் ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் ஆகி, மக்கள் வாயில் ஏ.எஃப்.டி. என்று நிலைத்தது. சவானா, கெப்ளே ஆகிய மற்ற இரு பஞ்சாலைகளும் புதுச்சேரியின் தொழிலாளர் வரலாற்றில் இதனோடு சேர்த்தே பேசப்படுபவை. இந்த ஆலைகளின் சங்குதான் அன்றைய தெருக்களுக்குக் கடிகாரம். கைக்கடிகாரம் வசதியுள்ளவர் சொத்தாக இருந்த காலத்தில், உலையேற்றுவதும் சோற்றைத் தூக்குவாளியில் கட்டுவதும் சங்கொலிக்குக் காதுகொடுத்தபடியேதான் நடந்தன.

அந்தச் சங்குக்கும் இரத்த வாடை உண்டு. வேலை நேரத்தைக் குறைக்கவும் சங்கம் வைக்கும் உரிமைக்காகவும் நடந்த போராட்டத்தில், 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு அரசின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பன்னிரண்டு தொழிலாளர்கள் பலியாயினர். வ.சுப்பையா முன்னின்று நடத்திய இயக்கத்தின் விளைவாக, 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலைநாளைப் பிரெஞ்சு இந்திய அரசு சட்டமாக்கியது. ஆசியாவிலேயே முதன்முதலாக அந்த உரிமை கிடைத்த இடம் என்று புதுச்சேரிக்காரர்கள் இன்றும் பெருமையுடன் சொல்வார்கள். பெருமைதான், ஐயமில்லை. ஆனால் ஆலைக்குள் போகிறவனுக்கு எட்டு மணி நேரம் என்று சட்டம் வந்தபோது, அவனுக்குச் சோறு கட்டுகிறவளுக்கு அப்படியொரு சட்டம் வரவில்லை. காலை முறைக்கு ஒருவன், இரவு முறைக்கு ஒருவன் என்று ஒரே வீட்டிலிருந்து இருவர் போனால் அடுப்புக்கு ஓய்வே இல்லை. அவள் தனியாக, புகைக்குள், சுவரைப் பார்த்துக்கொண்டு வேலை செய்தாள். அவளுக்குச் சங்கு நேரத்தைச் சொன்னது, துணைக்கு வரவில்லை.

அடுக்களை வானொலியின் கதை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது எனலாம். நேரமும் துணையும் ஒரே பெட்டியிலிருந்து வருவதற்கு இன்னும் ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டியிருந்தது.

கூடத்துப் பெட்டி

தமிழகத்தில் வானொலி 1924இல் சென்னை மாகாண வானொலிக் கழகத்தின் முயற்சியாகத் தொடங்கியது. கையில் காசில்லாமல் 1927இல் அக்கழகம் ஓய்ந்தது. அதன் கருவிகளைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930இலிருந்து ஒலிபரப்பை நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் வந்தன. புதுச்சேரிக்கென்று ஒரு நிலையம் அப்போது இல்லை. பிரெஞ்சுக் கொடி பறந்த ஊரில், வானொலி என்பது எல்லைக்கு அப்பாலிருந்து வரும் குரலாகவே இருந்தது. 1947 ஆகஸ்டில் இந்திய விடுதலையை ஒட்டி, திருச்சி வானொலி நிலையம் கேட்டுக்கொண்டதற்கிணங்க ஸ்ரீ அரவிந்தர் ஒரு செய்தி எழுதித் தந்தார். அது அங்கிருந்தே ஒலிபரப்பாயிற்று. புதுச்சேரியில் எழுதப்பட்ட சொற்கள் திருச்சிக்குப் போய், வான்வழியாகப் புதுச்சேரிக்குத் திரும்பி வந்தன. ஊர் இந்தியாவுடன் இணைந்தது அதற்கு ஏழாண்டுகள் கழித்து, 1954 நவம்பர் 1 அன்று.

அந்தக் காலத்துப் பெட்டியை நினைவில் கொண்டுவருவோம். தேக்குப் பலகைக் கூடு, முன்பக்கம் துணி, உள்ளே கண்ணாடி வால்வுகள். திருகியவுடன் பேசாது. வால்வு சூடேறி, பச்சைக் கண் ஒளிர்ந்து, அரை நிமிடம் கழித்தே குரல் வரும். கூரைக்குக் கீழே நீளவாக்கில் கட்டிய செம்புவலை நாடாதான் ஏரியல். மின்சாரம் வேண்டும், அதுவும் 40, 50 வாட் குடிக்கும். இதையெல்லாம்விட முக்கியம், உரிமம் வேண்டும். வானொலி வைத்திருப்பவர் ஆண்டுதோறும் அஞ்சல் நிலையத்தில் கட்டணம் செலுத்தி, உரிமப் புத்தகத்தில் பதிந்துகொள்ள வேண்டும் என்ற விதி 1980களின் நடுப்பகுதி வரை இந்தியாவில் இருந்தது. உரிமம் பெரும்பாலும் குடும்பத் தலைவர் பெயரில் இருக்கும். பெட்டி கூடத்தில், கைக்கெட்டாத அலமாரியில், பூவேலை செய்த துணிக்குக் கீழே இருக்கும். முள்ளை நகர்த்துபவர் ஒருவரே. அவர் ஆலைக்கோ அலுவலகத்துக்கோ போய்விட்டால் பெட்டி மௌனமாகிவிடும். வீட்டில் எஞ்சியவர் தொட்டால் "கெட்டுப்போய்விடும்".

மேலைநாடுகளில் கதை வேறு விதமாக நடந்தது. அமெரிக்காவில் 1930களிலேயே வீட்டு வேலை செய்யும் பெண்களைக் குறிவைத்துப் பகல் நேரத் தொடர்நாடகங்கள் வந்துவிட்டன. அவற்றுக்குப் பணம் கொடுத்தவை சோப்பு நிறுவனங்கள் என்பதால் "சோப்பு நாடகம்" என்ற பெயரே நிலைத்தது. போர்க்கால இங்கிலாந்தில் 1940 முதல் பி.பி.சி. "கிச்சன் ஃப்ரண்ட்" என்ற பெயரில் காலை உணவு வேளைக்குப் பின் ஒரு சிறு உரையை ஒலிபரப்பியது. பங்கீட்டில் கிடைக்கும் பண்டத்தை வைத்து எப்படிச் சமைப்பது என்பதே அதன் பொருள். அடுக்களையும் ஒரு போர்முனை என்று அரசே ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி அது. அங்கெல்லாம் அடுக்களையில் மின்சாரமும், பெட்டி வைக்க மேடையும் இருந்தன. நம் பக்கத்தில் விறகுப் புகை, தரையோடு அடுப்பு, ஒரு குண்டு பல்புக்கு மேல் மின்னிணைப்பு இல்லாத சுவர். வால்வுப் பெட்டி அந்த அறைக்குள் வந்திருந்தால் ஒரு மழைக்காலத்தைக் கூடத் தாண்டியிருக்காது.

பெட்டி கூடத்தைவிட்டு இறங்கிய நாள்

டிரான்சிஸ்டர் 1947இன் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதைக் கொண்டு செய்த முதல் சட்டைப்பை வானொலி 1954இல் அங்கே விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே ஜப்பானும் களத்தில் இறங்கியது. இந்தியாவில் பிலிப்ஸ், மர்ஃபி, புஷ் முதலிய பெயர்களோடு டிரான்சிஸ்டர்கள் பரவியது 1960களிலும் 70களிலும். துளையிட்ட தோலுறை, தோளில் மாட்டும் வார், உள்ளே எவரெடிக் கட்டைகள். மின்சாரம் வேண்டாம், ஒரு வாட்டுக்கும் குறைவாகவே செலவு. கட்டை தளர்ந்தால் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டிய வீடுகள் ஏராளம்.

டிரான்சிஸ்டருக்குள் ஒரு கருநிறக் கோல் உண்டு. மத்திய அலைக்கு அதுவே ஏரியல். அந்தக் கோல் நிலையத்துக்குக் குறுக்காக இருந்தால் ஒலி தெளியும். அதை நோக்கி நீண்டிருந்தால் மங்கும். ஆகவே பெட்டியை எங்கே வேண்டுமானாலும் தூக்கிச் செல்லலாம், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பி வைக்கலாம். சுவரில் ஆணியடித்து ஏரியல் கட்டுகிற ஆளுக்குக் காத்திருக்க வேண்டாம். இந்தச் சிறு விஷயம்தான் வானொலியைக் கூடத்திலிருந்து இறக்கி, அடுக்களை மாடத்தில் உட்கார வைத்தது.

அப்படி உட்கார்ந்த பெட்டி எதைக் கேட்டது? அங்கேதான் கடல் வருகிறது. 1952இல் ஒலிபரப்புத்துறை அமைச்சரான பி.வி.கேஸ்கர், திரைப்பாடல்களுக்கு அகில இந்திய வானொலியின் கதவைச் சாத்தினார். கொழும்பிலோ 1950இல் தொடங்கிய வர்த்தக ஒலிபரப்பு, திரைப்பாடல்களுக்காகவே காத்திருந்தது. நேயர்கள் கூட்டம் கூட்டமாகக் கொழும்புக்கு மாறினார்கள். டெல்லி 1957இல் விவித் பாரதியைத் தொடங்கியது இதற்குப் பதிலாகத்தான். வடக்கே பினாக்கா கீத்மாலாவுக்கு நிகரான மயக்கம், தெற்கே இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைக்கு இருந்தது. மத்திய அலைக்கு உப்பு நீர் உற்ற தோழன்: நிலத்தின்மேல் தேய்ந்துபோகும் அலை, கடல்மேல் வெகுதூரம் வலுக்குன்றாமல் வரும். கடலோர ஊர்களுக்குப் பகலிலும் இலங்கை எட்டியதில் அரசியலுக்கு மட்டுமன்றி இயற்பியலுக்கும் பங்குண்டு.

எஸ்.பி.மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் ஆகிய பெயர்கள் சொந்தக்காரர் பெயர்களைப் போலப் புழங்கின. காலையில் "பொங்கும் பூம்புனல்" ஓடும்போது இட்லித் தட்டு ஏறியிருக்க வேண்டும் என்பது பல வீடுகளில் எழுதாத சட்டம். பாட்டுக்குப் பாட்டு அறிவிப்பாளர் மணி சொல்வார். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் அப்போது ஒரே நேரம். கொழும்பில் சொன்ன ஏழே கால் முதலியார்பேட்டைக்கும் ஏழே கால்தான். (1996இல் இலங்கை தன் கடிகாரத்தை முன்தள்ளி வைத்தது, 2006இல்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது.) கடலுக்கு அப்பாலிருந்த ஒரு குரல் இங்கே சங்கின் வேலையைச் செய்தது, கூடவே பாடியும் காட்டியது.

1967 செப்டம்பரில் புதுச்சேரிக்குச் சொந்த வானொலி நிலையம் கிடைத்தது. அதன் ஒலிபரப்பு மத்திய அலையில் 1215 கிலோஹெர்ட்ஸ், அதாவது ஏறத்தாழ 247 மீட்டர். மும்பையில் அடைக்கலம் புகுந்த செக் நாட்டு யூதரான வால்டர் காஃப்மன் 1930களில் அமைத்த அந்த முகப்பு இசை, விடியலில் அடுப்பு மூட்டும் நேரத்துக்கு ஒலிக்கும். 7.15க்கு டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்திகள். சரோஜ் நாராயணசுவாமியின் குரல் கேட்டால் பள்ளிக்குழந்தைக்குத் தலைபின்னத் தொடங்க வேண்டும். சென்னை எட்டுகிற பெட்டியானால் தென்கச்சி கோ.சுவாமிநாதனின் "இன்று ஒரு தகவல்". மதியத்தில் மாதர் நிகழ்ச்சி, மாலையில் வேளாண் நிகழ்ச்சி. கண் அடுப்பில் இருக்கும், கை மாவில் இருக்கும், காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுக்காகவே அமைந்த கருவி இது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அம்மியும் உரலும் ஆட்டுக்கல்லும் அவள் உழைப்பைக் கேட்ட கருவிகள். டிரான்சிஸ்டரோ அவளிடம் எதுவும் கேட்காமல் அவளுக்குக் கொடுத்த கருவி. வீட்டுக்காரர் ஆலைக்குப் போனபின் எந்த நிலையம் என்பதை அவளே முடிவு செய்தாள். திருகு முதன்முறையாக அவள் கைக்கு வந்தது.

மீண்டும் கூடத்துக்கு

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய ஒலிநாடா, நம் ஊர்களில் வெள்ளமாகப் பெருகியது 1980களில். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திரும்பியவர்களின் பெட்டிகளில் இரட்டை ஒலிபெருக்கி வைத்த "டூ-இன்-ஒன்" வந்திறங்கியது. விலை அதிகம், பளபளப்பு அதிகம், ஆகவே இடம் கூடம். தெருமுனையில் பாடல் பதிவுக் கடைகள் முளைத்தன. விரும்பிய பாடல்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், 60 அல்லது 90 நிமிட நாடாவில் பதிந்து தருவார்கள். தமிழ்ச் சமூகத்தில் தனிமனித இசைத்தேர்வு தொடங்கியது அந்தத் தாள்களில்தான் எனலாம். ஆனால் அந்தத் தாளை எழுதியவர் யார்? பெரும்பாலும் வீட்டு இளைஞர். அம்மாவுக்காக என்று கடைசியில் இரண்டு பழைய பாட்டு சேர்த்துக்கொள்வார். 60 நிமிடத்தில் இடமிருந்தால்.

அதே ஆண்டுகளில் தொலைக்காட்சி கூடத்தைப் பிடித்துக்கொண்டது. 1983க்குப் பின் இலங்கையில் மூண்ட போர், கடல்வழி வந்த குரலையும் மெலியச் செய்தது. அடுக்களை டிரான்சிஸ்டர் எண்ணெய்ப் பிசுக்கேறி, முள் அறுந்து, பரணுக்குப் போனது. மிக்ஸி வந்ததும் அதற்கு உதவவில்லை. மிக்ஸியின் மோட்டாருக்குள் கரித்துண்டு உரசித் தெறிக்கும் தீப்பொறி, மத்திய அலையில் இடிமுழக்கமாகக் கேட்கும். சட்னி அரைபடும்வரை செய்தி காத்திருக்காது.

பண்பலை இந்தக் குறையைத் தீர்த்தது. 1977இல் சென்னையில்தான் இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு தொடங்கியது. அது ஊர் ஊராகப் பரவப் பல ஆண்டுகள் பிடித்தன. புதுச்சேரியில் ரெயின்போ பண்பலை 102.8 மெகாஹெர்ட்ஸில் வந்தது. பிறகு தனியார் நிலையங்களும் வந்தன. மிக்ஸி ஓடினாலும் பண்பலைக் குரல் பெரிதும் உடையாது. ஆனால் அது பார்வைக்கோட்டில் செல்லும் அலை, உயரமான கட்டடம் மறைத்தால் தடுமாறும், இலங்கையெல்லாம் எட்டாது. அடுக்களையின் வானம் சுருங்கி, தெளிவானது.

ஐயாயிரம் பாடல்களும் ஒரு பிள்ளையும்

2017இல் சரிகம நிறுவனம், அதாவது நம் தாத்தாக்களுக்கு எச்.எம்.வி.யாக அறிமுகமான பழைய கிராமஃபோன் கம்பெனி, "கார்வான்" என்ற பெட்டியை வெளியிட்டது. பார்வைக்குப் பழைய டிரான்சிஸ்டர். உள்ளே 5,000 பாடல்கள். தமிழ்ப் பாடல்களுக்கான பெட்டியும் தொடர்ந்து வந்தது. எவரும் எதிர்பாராத அளவு விற்றது. பெரும்பாலும் வாங்கியவர்கள் பிள்ளைகள், கேட்டவர்கள் பெற்றோர். ஊரைவிட்டுப் போன ஒரு தலைமுறை, வீட்டில் விட்டுவந்த தலைமுறைக்குக் கொடுத்த பரிசாக அந்தப் பெட்டியைப் பார்க்க இடமுண்டு. இணையம் வேண்டாம், விளம்பரம் இல்லை, பொத்தானை அழுத்தினால் பாட்டு. முதியவருக்கு இதைவிட வசதி வேறில்லை என்று பலர் எழுதினார்கள். அதில் பெரும் உண்மை இருக்கிறது.

ஆயினும் ஒரு வேறுபாட்டைச் சுட்ட வேண்டும். ஐயாயிரம் பாடல் கொண்ட பெட்டிக்கு இன்றைக்கு என்ன கிழமை என்று தெரியாது. அதில் மணி ஏழே கால் ஆவதே இல்லை. வெளியில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தாலும் அது 1965ஆம் ஆண்டுப் பாட்டையே பாடும். கேட்கிறவர் தனியாக இருக்கிறார் என்றால், அதே பாட்டுடன் இன்னும் கொஞ்சம் தனியாக இருப்பார். வானொலியில் வரும் பாட்டு அப்படியன்று. அதே பாட்டுதான், ஆனால் அந்த நொடியில் வேறோர் அடுக்களையிலும் அது ஒலிக்கிறது, யாரோ ஒருவர் அதை விரும்பிக் கேட்டிருக்கிறார், யாரோ ஒருவர் அதை எடுத்து வைத்திருக்கிறார். துணை என்று நாம் சொன்னது இதைத்தான்.

பென்டிரைவில் பாடல் ஏற்றித் தரும் பெட்டிக்கு வேறொரு சிக்கல். பட்டியலை எழுதுபவர் மீண்டும் பிள்ளையே. அலுத்துப்போனால் புதிய பட்டியலுக்கு அவர் விடுமுறைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். ப்ளூடூத் பெட்டியோ கைப்பேசி இல்லாவிட்டால் வெறும் கூடு. ஈரக் கை பட்டால் கைப்பேசித் திரை தடுமாறுகிறது. அழைப்பு வந்தால் பாட்டு நிற்கிறது. செயலி தன்னைப் புதுப்பித்துக்கொண்டால் நேற்று இருந்த பொத்தான் இன்று வேறிடத்தில் இருக்கிறது. பேச்சுக்குப் பணியும் பெட்டிகளும் வந்துவிட்டன. இணையம் நின்றால் அவையும் ஊமை. மூன்றிலும் பொதுவான ஓர் அம்சம் உண்டு: யாரேனும் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டிவரும். கூடத்து அலமாரியிலிருந்து இறங்கி வந்த திருகு, சத்தமில்லாமல் மீண்டும் மேலே ஏறிவிட்டது.

எதை வாங்குவது?

இவ்வளவு வரலாற்றுக்குப் பின் நமக்குக் கிடைக்கும் இலக்கணம் சிறியது. எவர் உதவியும் இல்லாமல், ஈரக்கையோடு, கண்ணைத் திருப்பாமல் இயக்க முடிகிற பெட்டியே அடுக்களைக்கு எளிய பெட்டி. பொத்தான்களின் எண்ணிக்கை இரண்டாம்பட்சம்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது திருகு. ஒலியைக் கூட்டும் திருகிலேயே நிறுத்தும் இடமும் இருந்து, "டக்" என்று விரலுக்குத் தெரிய வேண்டும். நிலையம் மாற்றும் திருகு தனியாக, உள்ளங்கையால் உருட்டும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். எண் திரையுள்ள பெட்டிகளில் நிலையங்களைப் பதிந்து வைக்கலாம் என்பது வசதிதான். ஆனால் மலிவான சிலவற்றில் கட்டையை மாற்றியதும் பதிவெல்லாம் அழிந்துவிடும். முள் வைத்த பெட்டிக்கு அந்தக் கவலை இல்லை. பிடித்த நிலையம் வருமிடத்தில் கண்ணாடியின்மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிட்டால், அதைவிட நம்பகமான நினைவகம் வேறில்லை.

அடுத்தது அலைவரிசை. பண்பலை கட்டாயம். மத்திய அலையும் இருந்தால் நல்லது. ஆனால் அதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். அண்மை ஆண்டுகளில் பிரசார் பாரதி நாடெங்கும் பல மத்திய அலை ஒலிபரப்பிகளை நிறுத்தியிருக்கிறது. நார்வே நாடு 2017இல் தேசியப் பண்பலை ஒலிபரப்பையே மூடிவிட்டு எண்முறைக்கு மாறியது. அங்கே நல்ல நிலையில் இருந்த எத்தனையோ அடுக்களைப் பெட்டிகள் பழுதாகாமலே பயனற்றுப் போயின. பெட்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் உறுதி மட்டுமன்று, ஒலிபரப்புகிறவர்களின் முடிவும்கூட.

மூன்றாவது கட்டை. மின்சாரத்திலும் ஓட வேண்டும், தெருமுனைக் கடையில் கிடைக்கும் சாதாரணக் கட்டையிலும் ஓட வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெங்கல் புயல் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டியபோது தெருக்களில் தண்ணீர் நின்றது. அத்தகைய இரவில் சார்ஜ் தீர்ந்த கைப்பேசியும் உள்ளே அடைத்த பேட்டரி இறங்கிய பாட்டுப் பெட்டியும் ஒன்றுதான். இரண்டு கட்டையில் முணுமுணுக்கும் டிரான்சிஸ்டர்தான் புயல் எங்கே நிற்கிறது என்று சொல்லும்.

இம்மூன்றும் நிறைவானபின், பென்டிரைவ் சொருகும் வசதி இருந்தால் இருக்கட்டும். நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்து பாடுகிறதா என்று மட்டும் கடையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நாளும் முதற்பாட்டிலிருந்தே தொடங்கும் பெட்டி ஒரு மாதத்தில் வெறுத்துவிடும். ஒலிபெருக்கி ஒன்றே போதும், மூன்று அங்குலத்துக்குக் குறையாமல். புகைபோக்கி விசிறியின் இரைச்சலுக்கு மேலே மனிதக் குரல் தெளிவாகக் கேட்பதே நமக்கு வேண்டும். தரை அதிரும் முழக்கம் வேண்டாம். வைக்குமிடம், தாளிப்பு தெறிக்காத தொலைவில், மிக்ஸிக்கு எதிர்ப்புறம், தோள் உயரத்தில். கூடத்துப் பெட்டியைப் போலத் துணிபோட்டு மூடவேண்டாம்.

ரோடியர் ஆலை 2020 ஏப்ரலில் அதிகாரபூர்வமாக மூடப்பட்டது. அடுக்களைக்கு வெளியிலிருந்து நேரம் சொல்லும் குரல்களில் மிச்சமிருப்பது இந்தச் சிறு பெட்டி ஒன்றே. அதை அம்மாவுக்கோ பாட்டிக்கோ வாங்கிக்கொடுக்க எண்ணுபவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றுதான். தாங்களே தேர்ந்தெடுத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டு போகாமல், அவரையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். பெட்டியை முதலில் அவர் கையில் கொடுத்து, திருகிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் யாரையும் கேட்காமல் தமக்கு வேண்டிய நிலையத்தைக் கண்டுபிடித்துவிட்டால், விலையை அதன்பின் பேசலாம்.